ஊரிகம் ஸ்டேஷனில் உதைக்கக் கூடாத மூட்டை

இன்று காலை ஊரிகம் ஸ்டேஷனில் நான் செய்தது ஃபவுலா, புண்ணியமா? நீங்களே சொல்லுங்கள்.

பெங்களூர் ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் நாங்கள் நாலு பேர் பிளாட்பாரத்தில் வட்டமாக நின்று ஃபுட்பேக் ஆடுவோம். உள்ளங்கையில் அடங்கும் துணி மூட்டை. காலால் தட்டித் தட்டி அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். கையும் படக்கூடாது, கீழேயும் விழக்கூடாது.

தவறவிட்டவருக்கு அன்று சீட் கிடையாது. பெங்களூர் வரை நின்றபடிதான் வர வேண்டும்.

மூன்று நாளாக நின்றது நான்தான். (ஐ.டி. என்றால் உட்கார்ந்து பார்க்கும் வேலை என்று யார் சொன்னது?)

ஆனால் இன்று எனக்கு சீட் கட்டாயம் வேண்டும். போனதும் மீட்டிங், ஒரு ஸ்லைடுகூடத் தயாராகவில்லை. ரயிலில் லேப்டாப்பை மடியில் வைத்து முடித்துவிடலாம் என்று நம்பி வந்திருந்தேன்.

பழைய மூட்டை நேற்று கிழிந்துவிட்டது. கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்க்கும் செல்வி அக்கா புதிதாக ஒன்று தைத்து வந்தார்.

ஃபிராங்க்ளின் அண்ணன் ஆரம்பித்தார். குமார் முட்டியால் ஏற்றினான். அக்கா புறங்காலால் ஒரு தட்டு. மூட்டை என் தலைக்கு மேலே போனது.

அந்த நேரம் பார்த்து குமார் கேட்டான்.

"சூப்பரா எகிறுதுக்கா. உள்ள இன்னா போட்டீங்க?"

"அரிசிதான்."

ஆட்டம் அப்படியே நின்றது. மூட்டை மட்டும் நிற்காமல் இறங்கிக்கொண்டிருந்தது.

"அய்யய்யோ, அரிசியவா ஒதைக்கிறோம்?" என்று குமார் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

உதைத்தால் பாவம். விட்டால் அரிசி தரையில் விழும், அது அதைவிடப் பாவம். இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"கை பட்டுடுச்சி. நீ அவுட்டு" என்றார் அக்கா.

"அக்கா, அரிசி போட்டதே நீங்கதானே?"

"அரிசி வேற, ஆட்டம் வேற கண்ணு."

ஃபிராங்க்ளின் அண்ணனிடம் நியாயம் கேட்டேன்.

"நாங்க கிறிஸ்டியன், எங்களுக்கு இதெல்லாம் கெடையாதுப்பா. நானா இருந்தா ஒதைச்சிருப்பேன்."

"அப்ப இப்ப ஒதைங்கண்ணா" என்று மூட்டையை நீட்டினேன். தூக்கிய காலை மெதுவாக இறக்கினார்.

"வாணாம்பா. இப்பதான் ஆகாரத்துக்கு ஜெபம் பண்ணிட்டு வந்தேன்."

ரயில் வந்தது. தீர்ப்பு மாறவில்லை.

உள்ளே ஜன்னலோரம் ஒரு சீட் காலி. ஆசையாகப் போனேன். அக்கா முந்திக்கொண்டு அதில் மூட்டையை வைத்தார்.

"அரிசியக் கீழ வெக்கக்கூடாது கண்ணு."

பங்காருபேட்டையில் ஏறிய கூட்டம்கூட, உள்ளே அரிசி என்றதும் அதை நகர்த்தவில்லை. அரிசி சுகமாக வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தது. நான் ஒரு கையில் கம்பி, ஒரு கையில் லேப்டாப்போடு வந்தேன். மொத்தம் இரண்டு ஸ்லைடு. அதில் ஒன்று 'நன்றி'.

நாளைக்காவது வேறு எதையாவது நிரப்பலாம் என்று கெஞ்சினேன்.

"சயனைடு மேட்டு மண்ணு போடலாம்" என்றார் ஃபிராங்க்ளின் அண்ணன். (சயனைடு கலந்து தங்கம் பிரித்த பிறகு சுரங்கக்காரர்கள் கொட்டிய மண். எங்கள் ஊரில் அது மலை மலையாகக் கிடக்கிறது.)

"அதுல இன்னும் கொஞ்சம் தங்கம் கீதுன்றாங்களேண்ணா. தங்கம் லட்சுமியாச்சே" என்றான் குமார்.

எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள், ஃபிராங்க்ளின் அண்ணன் உட்பட. (சயனைடைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை, கவனிக்கவும்.)

நண்பர்களே, காலால் உதைத்தால் பாவம் வராத பொருள் ஒன்று சொல்லுங்கள்.

என்னைத் தவிர.