பாலுக்காக நின்ற தேர்தல்

வாழ்நாளில் நான் ஒரே ஒரு தேர்தலில்தான் நின்றேன். அதுவும் பாலுக்காக.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்கு நாங்கள் குடிவந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. முதல் ஷிஃப்ட் வாரம் என்றால் விடியற்காலை ஐந்தேகாலுக்குத் தெருமுனையில் பஸ் வந்து நிற்கும். அதற்குள் அவருக்கு ஒரு டம்ளர் பால் காப்பி உள்ளே போயாக வேண்டும். இல்லாவிட்டால் சாயங்காலம் வரைக்கும் மனிதர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். எங்கள் பிளாக் பால் பூத்தை நாலரைக்கே திறந்துவிடுவார்கள் என்பதால் குடும்பம் சண்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு திங்கட்கிழமை நாலரைக்குத் தூக்குவாளியோடு போய் நின்றால் பூத் பூட்டியிருக்கிறது. இனி ஆறு மணிக்குத்தான் பால் என்று அட்டை தொங்குகிறது. முந்தின நாள் பாலை வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். எங்களைப் போன்றவர்கள் வீட்டில் அப்போது ஏது ஃப்ரிட்ஜ்? நெய்வேலி வெயிலுக்குப் பால் மத்தியானமே திரிந்துவிடும். அன்றைக்கு அவர் கடுங்காப்பியை இரண்டு வாய் குடித்து, மிச்சத்தை வாசலில் கொட்டிவிட்டுப் போனார்.

விசாரித்தால், முந்தின நாள் சாயங்காலம் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்தார்களாம். சங்கத் தலைவர் ஆபீசில் நல்ல பதவியில் இருந்தவர், ஜெனரல் ஷிஃப்ட், அதாவது காலையில் போய்ச் சாயங்காலம் திரும்பும் பகல் வேலை. கெட்டவர் என்று யாரும் சொல்ல முடியாது. தெருவிளக்கு வந்தது, பிள்ளைகளுக்கு ஊஞ்சல் வந்தது எல்லாம் அவர் நடையாய் நடந்து வாங்கியதுதான். ஆனால் கூட்டத்தில் எது வந்தாலும், “எல்லாருக்கும் சம்மதம்தானே?” என்பார். வந்தவர்கள் கை தட்டுவார்கள். தீர்மானம் முடிந்தது. அவர் வருஷாவருஷம் தலைவரானதும் அதே கைதட்டலில்தான். தாங்கள் எழுந்திருப்பதற்குள் பால் தீர்ந்துவிடுகிறது என்று ஜெனரல் ஷிஃப்ட் வீட்டுக்காரர்கள் குறைப்பட்டிருக்கிறார்கள். கை தட்டிவிட்டார்கள். ஷிஃப்ட் ஆட்கள் பாதிப் பேர் சுரங்கத்துக்குள், பாதிப் பேர் தூக்கத்தில்.

நெருக்கடி நிலை முடிந்து நாட்டுக்கே தேர்தல் நடந்திருந்த சமயம் அது. என் விரலில் வைத்த மை நகத்தோடு வளர்ந்து மேலே ஏறிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் யாரிடம் எதைப் பேசலாம் என்று யோசித்து யோசித்தே பேசப் பழகியிருந்தோம். இப்போது வாய் திறந்துகொண்டது. டெல்லியில் இருப்பவர்களே வந்து ஓட்டுக் கேட்க வேண்டியிருக்கிறது, எங்கள் பிளாக்குக்கு மட்டும் கைதட்டல் போதுமா என்று ஆறு மணி பால் வரிசையில் நின்று சத்தமாகவே கேட்டேன். எனக்கு முன்னும் பின்னும் நின்ற பெண்களுக்கும் அதே கேள்வி இருந்தது. அந்த வரிசைதான் எங்கள் கட்சி ஆபீஸ் ஆயிற்று.

நாலைந்து பேராகத் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி எல்லாருக்கும் காப்பி கொடுத்தார், நல்ல கெட்டிப்பால் காப்பி. அது வேறு எனக்கு எரிச்சல். தலைவர் பொறுமையாகக் கேட்டார். தேர்தல் வைக்கலாம், ஆனால் குவார்ட்டர்ஸுக்கு ஒரு ஓட்டு, யார் பெயரில் வீடு அலாட் ஆகியிருக்கிறதோ அவர் போடட்டும் என்றார். அவர் நியாயமாகத்தான் சொல்வதாக நினைத்தார். அந்த ஊரில் எல்லாமே குவார்ட்டர்ஸ் கணக்குதான்.

“சார், பெரிய தேர்தல்ல ஓட்டுப் போடப் போனப்ப குவார்ட்டர்ஸ் நம்பரையா கேட்டாங்க? நான் தனியா போட்டேன், எங்க வீட்டுக்காரர் தனியா போட்டார். அரசியல் சட்டம் ஆளுக்கு ஒரு ஓட்டுன்னுதான் சொல்லுது. நம்ம பிளாக் என்ன இந்தியாவுக்கு வெளியிலயா இருக்கு?” என்றேன்.

தலைவர் சிரித்துவிட்டார். சரி, இருபத்தோரு வயது முடிந்த எல்லாருக்கும் ஓட்டு என்று ஒப்புக்கொண்டார். எல்லா ஷிஃப்ட் ஆட்களும் போடும்படி பெட்டி நாள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும் என்றோம். அதற்கும் தலையாட்டினார். நடத்துகிற பாடு மட்டும் எங்களுடையது.

அவரை எதிர்த்து யார் நிற்பது என்று வந்தபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாயாடிக்கு வேறென்ன கிடைக்கும்? வீட்டில் சொன்னேன். நாளைக்கு வேறு குவார்ட்டர்ஸ் கேட்டு அந்த மனிதரிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கும், சும்மா இரு என்றார் இவர். உங்கள் காப்பிக்காகத்தானே இவ்வளவும் என்றேன். திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் பெயர் கொடுத்துவிட்டேன்.

வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டோம். எந்த வீட்டு மனிதருக்கு எந்த வாரம் எந்த ஷிஃப்ட் என்பது எங்களுக்கு அத்துப்படி. நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்து தூங்குகிறவர் வீட்டுக் கதவைப் பகலில் தட்டினால் அந்த ஓட்டு போச்சு. பின்பக்கமாகப் போய் ரகசியம் பேசுவதுபோலப் பேசிவிட்டு வருவோம். எங்கே போனாலும் நான் விடாமல் சொன்னது ஒன்று: இது ரகசிய வாக்கு, யாருக்குப் போட்டீர்கள் என்று கட்டியவர்கூடக் கேட்கக் கூடாது.

தேர்தல் நாளில் ஒரு பெரிய பிஸ்கட் டின் மூடியில் ஓட்டை போட்டு, சுற்றிலும் காகிதம் ஒட்டிப் பால் பூத் பக்கத்தில் வைத்தோம். டின்னுக்குக் காவல் இருக்க நாங்களும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டோம். இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் காலையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். முதல் ஷிஃப்ட் ஆட்கள் பஸ்ஸை விட்டு இறங்கி, சட்டையில் பழுப்பு நிலக்கரித் தூளோடு நேரே டின்னுக்கு வந்தார்கள். நைட் ஷிஃப்டுக்காரர் ஒருவர் லுங்கியோடு பாதித் தூக்கத்தில் வந்து போட்டார். ஒரு மாமியாரும் மருமகளும் சேர்ந்து வந்து, ஆளுக்கொரு பக்கம் திரும்பி நின்று சீட்டில் குறி போட்டார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

சாயங்காலம் எல்லார் எதிரிலும் எண்ணினார்கள். நான் தோற்றுப்போனேன். சொற்ப வித்தியாசம்தான். ஆனாலும் தோல்வி தோல்விதான்.

கையோடு பால் விஷயத்தையும் முடித்துவிடலாம், பழையபடி நாலரைக்கே திறக்கட்டும் என்று யாரோ சொல்ல, பழக்க தோஷத்தில் கூட்டம் கை தட்டியது. தலைவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“செகண்ட் ஷிஃப்ட் ஆளுங்க இப்ப சுரங்கத்துல இருக்காங்களே. அவங்களைக் கேக்காம எப்படி முடிவு பண்றது? அதுவும் கை தட்டினா கணக்குத் தெரியாது. கை தூக்கச் சொல்லி எண்ணுவோம்,” என்றார்.

அதைச் சொல்ல வேண்டியவள் நான். தோற்ற துக்கத்தில் மறந்திருந்தேன். அவர் வாயிலிருந்து வந்ததும், எல்லாரும் கை தட்டி ஓய்ந்த பிறகு நான் ஒருத்தி மட்டும் கை தட்டினேன். அந்த வாரமே அவர் ஒவ்வொரு ஷிஃப்டுக்கும் தனித்தனியாகக் கூட்டம் போட்டு, கைகளை எண்ணினார். பூத் நாலரைக்குத் திறப்பது என்றும், தாமதமாக வருகிறவர்களுக்குப் பால் கார்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து எடுத்து வைப்பது என்றும் முடிவானது.

பக்கத்து வீட்டுக்காரி கம்மாபுரத்துப் பக்கம். நிலம் சுரங்கத்துக்குப் போய், புருஷனுக்குப் பெர்மனென்ட் வேலை கிடைத்து வந்தவள். டின்னுக்குக் காவல் இருந்தவர்களில் அவளும் ஒருத்தி. வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு சொன்னாள்: “அக்கா, நான் அவருக்குத்தான் போட்டேங்க. உங்களுக்கு நல்லா சண்ட போட வருது. ஆபீசுல போயி நின்னுகினு, பேசிகினு காரியம் முடிக்கறதுக்கு அவருதாங்க்கா.” இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் முருங்கைக்காய் சாம்பார் கொண்டுவந்தாள், வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னதில் தப்பும் இல்லை.

அடுத்த முதல் ஷிஃப்ட் வாரம் வந்தது. நாலரைக்குப் பால் வாங்கிவந்து, நுரை ததும்பக் காப்பி ஆற்றி இவர் கையில் கொடுத்தேன். பக்கத்திலேயே நின்று, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

அவசரமில்லாமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார். டம்ளரை என்னிடம் நீட்டினார்.

“ரகசிய வாக்கு, கட்டுனவர்கூடக் கேக்கக் கூடாதுன்னு ஊர் பூரா சொன்னது யாரு?” என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

காலி டம்ளரோடு வாசலில் நின்று தனியாகச் சிரித்தேன். அதற்கப்புறம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறோம், இதை மட்டும் நான் கேட்டதில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.