ஞாயிற்றுக்கிழமை றோபோட்

1986இல் கனடாவின் ஒஷாவாவில் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலை ஒன்றில் மன்னாரைச் சேர்ந்த மரியரட்ணம் வேலை செய்தார். மேற்பார்வையாளரான போர்மன் ஓவர்டைம் கேட்டு அவர் மறுத்ததே இல்லை. அதனால் அங்கே அவருக்கு 'றோபோட்' என்று பெயர். அவர் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஞாயிறும் வேலைக்கு வரும்படி போர்மன் சொன்னார். அன்று மகள் அன்ரனெற்றுக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதன்முறையாக நற்கருணை வாங்கும் நாள். மரியரட்ணம் வழக்கம்போலத் தலையாட்டிவிட்டார்.

பக்கத்து இயந்திரத்தில் நின்ற யான் என்ற செக் நாட்டவர் இதைக் கேட்டுச் சிரித்தார்.

"றோபோட் எங்கள் மொழியில் பிறந்த சொல், தெரியுமா? பண்ணை முதலாளிக்குக் குடியானவன் கட்டாயமாகச் செய்த வேலை 'றொபொத்தா'. அதைச் செய்தவன் 'றொபொத்னிக்'. என் பாட்டனின் பாட்டன் அப்படி ஒருவன். அவனாலும் மறுக்க முடியாது."

மாலையில் மனைவி பேர்ணடெற் மகளின் வெள்ளைச் சட்டையை இஸ்திரிப்பெட்டியால் மினுக்கிக்கொண்டிருந்தார். மரியரட்ணம் ஞாயிறு வேலையையும் யான் சொன்னதையும் சொன்னார்.

"உது எங்கட இராசகாரியமெல்லோ. ராசாவுக்குச் சும்மா உழைக்கிறது. எனக்குச் சம்பளம் தாறாங்கள்தானே."

"இஞ்சாருங்கோ, சம்பளம் தந்தால் மாட்டன் எண்டு சொல்லக்கூடாதோ? உங்கட ராசாவின்ர நம்பரைத் தாங்கோ, நான் கதைக்கிறன்."

மரியரட்ணம் தானே தொலைபேசியை எடுத்தார். ஞாயிறு வரமுடியாது என்றார். போர்மன், உடம்பு சரியில்லையா என்று கேட்டார்.

"உடம்புக்கு ஒன்றுமில்லை. மகளுக்கு முதல் நன்மை," என்றார் மரியரட்ணம்.