முப்பத்தாறு கோழி எடையுள்ள மனுஷன்

என் வீட்டுக்காரர் சவுரிராயன் வானூர் பக்கம் கோழி ஷெட் வைத்திருக்கிறார். குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். நாற்பது நாள் வளர்த்துத் திருப்பிக் கொடுப்பது இவர் வேலை. மூவாயிரம் கோழியில் ஒன்று தும்மினால் தூக்கத்திலும் எழுந்து ஓடுவார். எனக்குக் காய்ச்சல் வந்தால் மூன்றாம் நாள்தான், "இன்னாமே, ஒரு மாதிரி இருக்க?" என்பார்.

கோழிக்கு அவர் பார்க்கும் வைத்தியம் ஒன்றே ஒன்று. கம்பெனி சூப்பர்வைசர் கண்ணையன் கொண்டுவந்து தரும் மஞ்சள் பவுடர். நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் குடிதண்ணீர் டேங்கில் கலக்குவார்.

போன ஆடியில் இவருக்கு உட்காருகிற இடத்தில் ஒரு கட்டி வந்தது. எந்த இடம் என்று ஊருக்கே தெரியும், மொபெட்டை நின்றுகொண்டே ஓட்டினார். மெடிக்கலில் வாங்கிய மாத்திரைக்குக் கட்டி மசியவில்லை. டாக்டரிடம் காட்ட வெட்கம்.

ஒரு நாள் காலையில் டம்ளரில் எதையோ கலக்கிக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா அது?"

"கோழி பவுடரு. ஒரு கோழி ரெண்டு கிலோ. நான் எழுவத்திரெண்டு. முப்பத்தாறு கோழிக்குண்டான அளவு போட்டுக்கினா கரெக்டா கேக்கும்."

"றெக்கை மொளைச்சா முன்னாடியே சொல்லு. கூரை மேல ஏறிப் புடிக்க என்னால ஆவாது."

குடித்தே விட்டார். இரண்டு நாள் வாந்தி, பேதி. எலுமிச்சங்காய் அளவிருந்த கட்டி சாத்துக்குடி ஆனது. காய்ச்சலில் உடம்பு உதறியது. கோழி ஏற்றுகிற வண்டியிலேயே குப்புறப் படுக்கவைத்து, திண்டிவனத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

டாக்டரம்மா கட்டியைக் கீறி, சீழை டெஸ்டுக்கு அனுப்பினார். மூன்றாம் நாள் ரிசல்ட் பேப்பரோடு வந்து நின்றார்.

"இதுக்கு முன்னாடி என்னென்ன மருந்து சாப்பிட்டீங்க?"

இவர் என் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுய்யா, எத்தினி கோழிக்குன்னு."

சொன்னார். டாக்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். டேங்கில் தினமும் கலக்குவதை நான் சொன்னேன்.

"ஐயா, தினமும் அதே மருந்தைக் கோழிக்குக் குடுத்தா, அதுக்குச் சாகாத கிருமி மட்டும் தங்கிப் பெருகும். அது கோழிகிட்டருந்து உங்க கைக்கு வந்து, கட்டியில போய் உக்காந்திருக்கு. இந்தப் பேப்பர்ல இருக்கற பாதி மருந்து அதுகிட்ட வேலை செய்யாது. ஏழு நாள் ஊசி போட்டுப் பாக்கலாம். வீட்ல சின்னக் குழந்தைங்க இருக்காங்களா?"

"எங்க பொண்ணு அமலா பிரசவத்துக்கு வரப்போறாம்மா" என்றேன்.

"அப்ப ஷெட்டுத் துணியோட வீட்டுக்குள்ள வராதீங்க. பச்சக் குழந்தைக்கு இது ஒட்டிக்கிச்சுன்னா ரொம்பக் கஷ்டம்."

அதுவரை ஊசிக்குத்தான் பயந்துகொண்டிருந்தார் மனுஷன். இப்போது முகம் செத்துப்போனது. முதல் பேரக்குழந்தை. அது பிறக்கும் முன்பே அதற்குத் தூளி கட்டக் கொக்கி அடித்து வைத்தவர்.

அன்றைக்கே நான் போனில் விஷயத்தைச் சொன்னதும் அமலா கறாராகச் சொல்லிவிட்டாள். "அப்பா, நீ ஒழுங்கா குளிச்சி, கைகால் கழுவிக்கினு இருப்பன்னா வர்றேன். இல்லன்னா எங்க மாமியார் வூட்லயே பெத்துக்கறேன்."

ஏழு ஊசிக்கும் வாய் திறக்காமல் படுத்திருந்தார். கட்டி ஆறியது. வீடு வந்ததும் ஷெட் ஓரத்தில் நாலு தகரம் நட்டு ஒரு குளியலறை. ஷெட்டுக்குத் தனி லுங்கி, தனி செருப்பு.

அடுத்த குஞ்சு இறங்கியதும் கண்ணையன் டப்பாவோடு வந்தார்.

"அண்ணே, பவுடரு."

"கோழிக்கு இன்னா நோவு?"

"நோவு வராம இருக்கத்தாண்ணே."

"வந்தா மாட்டாஸ்பத்திரி டாக்டர கூட்டிக்கினு வா. வராத நோவுக்கு மருந்து குடுத்துதான் நான் ஒரு வாரம் குப்புறக் கெடந்தேன். நம்பலன்னா இந்தா பாரு" என்று லுங்கி முடிச்சில் கை வைத்தார். கண்ணையன் ஜல்தியாகப் பைக்கைக் கிளப்பினார்.

அந்தத் தடவை வழக்கத்தைவிடக் கோழி கொஞ்சம் கூடுதலாகத்தான் செத்தது. டப்பாவைத் தேடுவார் என்று பார்த்தேன். மண்வெட்டியை எடுத்து, ஷெட்டில் கோழிகளுக்கு அடியில் ஈரமாய்க் கிடந்த உமியை வாரி வெளியே கொட்டிவிட்டுப் புது உமி பரப்பினார். சாவு குறைந்தது. இந்த வேலையை நான் நாலு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

அமலா வந்தாள். ஐப்பசி மழையில் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை முதலில் தூக்கியது அவள் மாமியார். இவர் அப்போது ஆஸ்பத்திரிக் குழாயடியில் முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக்கொண்டிருந்தார்.

வந்து கதவருகே நின்றார். "உள்ள வரலாமாம்மா?"

அமலா கையை நீட்டச் சொன்னாள். ஒவ்வொரு விரலாக, நகக்கண் வரைக்கும் பார்த்தாள்.

"வா, வந்து உக்காரு" என்றாள்.

நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் வாங்கிக்கொண்டார்.