குறுக்குக் கம்பி இல்லாத சைக்கிள்

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆன பிறகு அண்ணனால் கம்பை ஊன்றி நடக்க முடிந்தது. சைக்கிளில்தான் ஏற முடியவில்லை. காலைப் பின்பக்கமாகத் தூக்கி சீட்டுக்கு அந்தப் பக்கம் போட வேண்டும் அல்லவா, அதைச் செய்யவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மெதுவாக மிதிக்கலாமாம். காலை வீசக் கூடாதாம்.

அண்ணனுக்கு சைக்கிள்தான் கடை. மதினி வீட்டில் முறுக்கு சுடுவார். அதையும் அப்பளம், காப்பிப்பொடியையும் கேரியரில் கட்டிக்கொண்டு, நாங்கள் பிழைக்க வந்த வங்காளத்தில், பெஹாலாவின் சந்துகளில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் ஃப்ளாட்டுகளுக்கெல்லாம் அண்ணன் போவார். அவருடைய பெல் சத்தம் கேட்டால் மூன்றாம் மாடியிலிருந்து கயிற்றில் கட்டிய பை இறங்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்து, "என்ன மாமி, மாப்பிள்ளைக்கு டிரான்ஸ்ஃபர் கிடைச்சுதா?" என்று மாடிக்கும் ரோட்டுக்குமாகப் பேசிவிட்டுத்தான் பையில் சாமானை வைப்பார். பேச்சுக்காகவே முறுக்கு வாங்கும் வங்காளி வீடுகளும் உண்டு.

நான் மளிகைக் கடையில் எடை போடுகிறவன். லீவு நாட்களில் அண்ணனுக்குப் பதிலாகப் போய்ப் பார்த்தேன். எனக்கு ஆட்களிடம் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டபோது எனக்கு இருந்த ஒரே ஆறுதல், இனி எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டாம் என்பதுதான். காலிங்பெல்லை அழுத்திவிட்டு, கதவு திறப்பதற்குள் இரண்டு படி கீழே இறங்கி நின்றுகொள்வேன். ஒரு மாமி என்னை கேஸ் சிலிண்டர்க்காரன் என்று நினைத்து, காலி சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். நானும் மறுத்துச் சொல்லாமல் அதைக் கீழே இறக்கி வைத்துவிட்டு வந்தேன். முறுக்கில் பாதி வீட்டுக்கே திரும்பி வந்தது.

"என்னலே, மாமிமாருக்கு முறுக்கு கசந்து போச்சா?" என்று கேட்டார் அண்ணன். முகம் சுவரைப் பார்த்து இருந்தது. சவரம் செய்வதையும் விட்டுவிட்டார். அடுப்படியில் மதினி என்னிடம் மெதுவாகச் சொன்னார், "கால் சரியாகும் தம்பி. அதுக்குள்ள மனுசன் இப்படியே படுத்துப் பழகிருவாரோன்னுதான் பயமா இருக்கு."

மாடிப்படிக்குக் கீழே ஒரு பழைய சைக்கிள் கிடந்தது. அண்ணன் மகள் அதில்தான் பள்ளிக்கூடம் போய் வந்தாள். அவள் கல்யாணமாகி சாந்த்ராகாச்சிக்குப் போன பிறகு அதை யாரும் தொடவில்லை. ரோஸ் கலர், முன்னால் கூடை, கைப்பிடி நுனியில் குஞ்சம். லேடீஸ் சைக்கிள் என்பதால் குறுக்குக் கம்பி கிடையாது. காலைக் கொஞ்சம் தூக்கி நடுவில் நுழைத்தால் போதும், ஏறி உட்கார்ந்துவிடலாம்.

அண்ணனிடம் சொன்னேன். படுத்திருந்தவர் திரும்பிப் பார்த்தார்.

"லேடீஸ் சைக்கிள்ல நான் போறதா? டோட்டோ ஸ்டாண்டைத் தாண்டித்தானே போவணும். 'பௌதி வந்தாச்சு'ன்னு கத்துவானுவ."

பௌதி என்றால் வங்காளியில் அண்ணன் மனைவி. சந்து முனையில் டோட்டோ என்கிற பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறவர்கள், போகிற வருகிற எல்லாருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் அண்ணன் சொன்னது பொய்யில்லை.

"அது என் சைக்கிள் இல்ல. நான் ஏறவும் மாட்டேன்" என்று மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் சைக்கிளை வெளியே இழுத்துப் போட்டேன். வேலையை ஆரம்பித்தேன்.

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப் போட்டேன். துருவை உப்புத்தாள் வைத்துத் தேய்த்தேன். பின் சக்கரத்து அச்சைப் பிரித்ததும் உள்ளே இருந்த குண்டுகள் சிதறி ஓடின. மதினியும் நானும் தரையில் தவழ்ந்து தேடினோம். ஒன்று அரிசி மூட்டைக்கு அடியில் கிடைத்தது. ரிம்மில் கோட்டம் இருந்தது. ஒரு பக்கம் கம்பிகளை இறுக்கினால் மறுபக்கம் வளைந்தது. கடைசியில் கரியாஹாட் பக்கம் ஒரு சைக்கிள் கடைக்குச் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். என்ன வேண்டும் என்று சொல்ல வாய் வராமல், சக்கரத்தைச் சுழற்றிக் காட்டினேன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வாங்கி வைத்தார்.

குஞ்சத்தை வெட்டி, கூடையைக் கழற்றி, முழுவதும் கறுப்புப் பெயிண்ட் அடித்தேன். ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், "பசுவுக்குக் கறுப்பு அடிச்சா எருமை ஆயிருமாலே?" என்றார். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். சுவரை விட்டு இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாரே. அவருடைய பெரிய சைக்கிளிலிருந்து கேரியரையும் பெல்லையும் எடுத்து இதில் மாட்டினேன். அவர் ஜன்னலை விட்டு நகரவேயில்லை.

வேலை முடிந்த வாரம் விஸ்வகர்மா பூஜை வந்தது. நம் ஆயுத பூஜை மாதிரி இங்கே இயந்திரங்களுக்கெல்லாம் அன்று பூஜை, ஓய்வு. எந்தச் சக்கரமும் ஓடாது. டோட்டோ ஸ்டாண்டில் சாமி வைத்து வண்டிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். வானம் முழுக்கப் பட்டம். ஸ்டாண்டுக்குப் பெரியவரை எல்லாரும் தாதா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் என்னைப் பார்த்து, "புது சைக்கிளா? கொண்டு வந்து வை" என்றார். மறுக்கத் தெரியாமல் கொண்டுபோய் நிறுத்தினேன். புரோகிதர் குங்குமம் வைத்து மாலை போட்டார்.

அதோடு விட்டிருக்க வேண்டும். எங்கள் கடையில் வேன் எடுத்த நாளில் செய்த பழக்கம், கை தானாக இரண்டு எலுமிச்சம்பழத்தைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்துவிட்டது. வைத்த பிறகுதான் உறைத்தது. எலுமிச்சம்பழம் வைத்தால் வண்டியை அதன்மேல் ஏற்றி நசுக்க வேண்டும். இங்கேயோ இன்றைக்கு வண்டியை எடுக்கக் கூடாது.

"இது எதுக்கு?" என்றார் தாதா. தட்டுத் தடுமாறி விளக்கினேன். கூட்டம் கூடிவிட்டது. எடுத்துவிடு என்றார் ஒருவர். நான் கையை நீட்டினேன்.

"தொடாதலே!"

அண்ணன். மதினியோடு பூஜை பார்க்கக் கம்பை ஊன்றி வந்திருக்கிறார். "திருஷ்டிக்கு வச்ச பழத்தைக் கையில எடுப்பியா? அறிவிருக்கா?"

"இன்னிக்கு வண்டிக்கு லீவு" என்றார் ஒரு டோட்டோக்காரர்.

"வண்டிக்குத்தானே லீவு? எலுமிச்சம்பழத்துக்கு ஏது லீவு?" என்று அண்ணன் வங்காளியில் கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எத்தனையோ மாதம் கழித்து, மாடிக்கும் ரோட்டுக்குமாகப் பேசும் அந்தக் குரலைக் கேட்டேன்.

தாதாவும் விட்டுக்கொடுத்தார். "சரி, பழம் நசுங்கற அளவுக்கு மட்டும். சொந்தக்காரர் எடுக்கட்டும். யார் சைக்கிள்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என்னுடையது என்று சொன்னால் அண்ணனுக்கு அது என்றைக்கும் கிடையாது. அண்ணனுடையது என்று அவர் முன்னால் சொல்ல எனக்குத் தைரியமில்லை. பழத்தையே பார்த்தபடி நின்றேன். மதினியும் தலையைக் குனிந்துகொண்டார்.

அண்ணன் என்னையே பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார். பெல்லின் மேல் ஒட்டியிருந்த பூவிதழை விரலால் தட்டிவிட்டார்.

"என்னோடதுதான்" என்றார்.

கம்பை மதினியிடம் கொடுத்தார். நான் பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டேன். ஒரு காலைக் கொஞ்சம் தூக்கி நடுவில் நுழைத்து, சீட்டில் உட்கார்ந்து, மிதித்தார். முன் சக்கரத்துப் பழம் நசுங்கியது. பின் சக்கரத்தது நசுங்கும்போது சைக்கிள் லேசாக ஆடியது. "விடுலே" என்றார். விட்டேன்.

நிறுத்துவார் என்று நினைத்தோம். மாலையோடு சந்துக்குள் போய்க்கொண்டே இருந்தார். பழம் நசுங்கியாச்சு, நிறுத்து என்று தாதா கூப்பிட்டதும் அவர் காதில் விழவில்லை. பெல் மட்டும் விடாமல் அடித்தது. அப்போது கூட்டத்தின் பின்னாலிருந்து யாரோ ஒருவன் கத்தினான், "பௌதி வந்தாச்சு!"

அண்ணன் பயந்த அதே பெயர்.

அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை. போகிற போக்கில் சத்தமாகச் சொன்னார், "ஆமாடா, உன் வீட்டு பௌதிகிட்டயும் சொல்லு. முறுக்கு நாளைக்கு வருதுன்னு!"