சித்தப்பா நிறுத்திய காற்றாடி

எங்கள் ஊரில் கரண்டு எடுக்கும் காற்றாடி வைக்க நிலம் கொடுத்தவர்கள் அதை நல்லது என்றார்கள். கொடுக்க வாய்க்காதவர்கள், அது மழை மேகத்தைக் கலைக்கிறது என்றார்கள். அம்மா இரண்டாவது கட்சி. தூத்துக்குடியில் நிலக்கரி எரித்துக் கரண்டு எடுப்பதில் அவளுக்கு வருத்தமே கிடையாது. "அங்கன புகையாச்சும் மேல போயி மேகமாவும். இது வாரதையும்லா வெரட்டுது" என்பாள். நான் ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை விரித்துக் காட்டுவேன். மழைக்கு வாசிக்கத் தெரியுமா என்று கேட்பாள்.

அந்தக் காற்றாடிக்குக் காவல் என் சித்தப்பா. சின்னப் பையன்கள்கூட அவரை வாட்ச்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த ஐப்பசியில் உளுந்து முளைத்து வாடிக்கொண்டிருந்தது. மேகம் கூடும், கலைந்துவிடும். அம்மா நாலு பெண்களோடு போய், ஒருநாள் மட்டும் காற்றாடியை நிறுத்தச் சொல்லிக் கேட்டாள். சித்தப்பாவிடம் இருந்தது கேட் சாவி ஒன்றுதான். ஆனாலும், பார்க்கலாம் மதினி என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் ஓர் இலை அசையவில்லை. ஒரே புழுக்கம். மூன்று இறக்கைகளும் நின்றன. சாயங்காலம், கரிசல் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்கு மழை.

டீக்கடை பெஞ்சில் சித்தப்பாவுக்கு இடம் கிடைத்தது. அவரைவிட மூத்தவர்களே அண்ணாச்சி என்றார்கள். அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். சித்தப்பா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பேச்சு கம்பெனி வரைக்கும் போய்விட்டது. ஜீப்பில் ஓர் அதிகாரி வந்தார். காற்றாடியை இவர் நிறுத்தியது உண்மையென்றால் இன்றோடு வேலை கிடையாது என்றார். ஊர் வாய் திறக்கவில்லை, காட்டிக்கொடுக்கக் கூடாதே. சித்தப்பாவும் தலை குனிந்து நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை.

"சார், அன்னைக்குக் காத்தே இல்ல, அதான் நின்னுச்சு. எங்க சித்தப்பாவுக்கு நிறுத்தவே தெரியாது. அவியகிட்ட கேட் சாவி மட்டுந்தான் இருக்கு."

அதிகாரி சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறினார். வேலை தப்பியது. பெருமையோடு அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் பார்வை என்மேல் இல்லை.

"அப்ப நீங்க நிறுத்தலையா, தம்பி?"

சித்தப்பா தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு காட்டுப் பக்கம் நடந்தார். பின்னாலேயே ஓடினேன். அவர் கோபப்படவில்லை.

"ஏலே, காத்து நின்னா மழை வரும்னு உம் புத்தகத்துல போட்டிருக்கா?"

இல்லை என்றேன். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

மறுநாள் பள்ளிக்கூடம் போகும்போது டீக்கடையில் யாரோ, "வாட்ச்மேனுக்கு ஒரு டீ" என்றார்கள். சித்தப்பா டீயைக் குடிக்காமலே எழுந்து போனார். வேலைதான் போகவில்லையே, பிறகு எதற்கு என்று புத்தகப் பையோடு வெகுநேரம் அங்கேயே நின்றிருந்தேன்.