பன்னிரண்டு பெட்டி நீளம்

அம்மா இறந்து இருபது நாள் ஆகிறது. அவள் பெயர் ஜெசிந்தா, புறநகர் ரயில் திட்ட அலுவலகத்தில் வரைபடம் போட்டவள்.

1998இல், செங்கல்பட்டுப் பக்கம் வரவிருந்த பணிமனைக்கு, ரயிலின் அடியில் இறங்கிப் பழுதுபார்க்கும் குழியை ஒன்பது பெட்டி நீளத்துக்கு வரையச் சொன்னார்கள். அம்மா பன்னிரண்டுக்கு வரைந்தாள்.

"ஓடறதே ஒம்பது பெட்டி. மிச்சக் குழில இன்னா, மீன் வளர்க்கப் போறியாம்மா?" என்றார் பொறியாளர் வாசுதேவன்.

"காலைல சிங்கப்பெருமாள் கோயில்ல ஏறிப் பாருங்க சார். யாரு கருவாடா வர்றாங்கன்னு தெரியும்."

மறுநாள் அவர் உண்மையிலேயே ஏறினார். கூட்டத்தில் சட்டைப் பொத்தான் இரண்டு அறுந்து, மூச்சுவாங்க வந்து, அம்மாவின் வரைபடத்தில் கையெழுத்துப் போட்டார்.

பொறியியல் படித்துக்கொண்டிருந்த எனக்கு, விடுதிக்கு ஃபோன் வந்தது. "பன்னெண்டு! பன்னெண்டுக்கே போட்டுட்டாரு!" அம்மா கத்திய கத்தலில் ரிசீவரைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். நானும் திருப்பிக் கத்தினேன்.