பாறைமேல் மடித்து வைத்த சேலை

இதைக் கதை என்று நினைத்துப் படிக்காதீர்கள். நம்பாதவர்கள் காளப்பநாயக்கன்பட்டிக்குப் போய்த் தனபாலைக் கேளுங்கள். சொல்ல மாட்டான். ஆனால் கேட்டதும் அவன் தலை கவிழ்வதைப் பார்க்கலாம்.

கொல்லிமலையில், அறப்பளீஸ்வரர் கோயிலை ஒட்டிய ஐயாற்றில் துணி அள்ளுவது அவன் கூலி வேலை. ஐயாறும் கங்கைதான் என்று நம்பி வருகிறவர்கள் உண்டு. கட்டிய துணியோடு முழுகுவார்கள். பாவத்தோடு சேர்த்து அதை ஆற்றிலேயே விட்டுவிட்டு, கரையில் வைத்த புதுத்துணியை உடுத்திக்கொண்டு போவார்கள். விட்டதைத் தனபால் கொக்கிக் கம்பால் இழுத்துச் சாக்கில் திணிப்பான்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. நல்ல பனி. கோயிலுக்கு மேலே, ஆற்று வளைவில், பாறைமேல் ஒரு பச்சைச் சேலை இருந்தது. ஈரமில்லை. மடித்து, பறக்காமல் மேலே கல் வைத்திருந்தது. ஆற்றில் விட்ட துணிக்கு யார் கல் வைப்பார்கள்?

பாறைக்குப் பின்னால் தண்ணீர் சலசலத்தது. மீன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மனைவி கோகிலாவுக்கு, அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குக் கட்ட நல்ல சேலை இல்லை. அவ்வளவுதான் காரணம்.

"கடையிலயா எடுத்தீங்க?"

"பின்ன, ஆத்துலயா பொறுக்கினேன்?"

அவள் சிரித்தாள். அலசிக் கொடியில் போட்டாள். மறுநாள் உச்சி வெயிலிலும் முந்தானை சொட்டியது.

சொட்... சொட்...

ஈரத்தோடே கட்டினாள். கட்டியதும் மூலையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். கைகளை மார்போடு குறுக்கிக்கொண்டாள்.

"எந்திரி, பஸ்ஸு போயிரும்."

"ஆளுங்க இருக்காங்க... எப்படிங்க எந்திரிக்கிறது?"

வீட்டில் வேறு யாருமில்லை.

சேலையை அவிழ்த்த பிறகும் அவள் எழவில்லை. உதடு நீலமாயிற்று. பல் கிட்டித்தது. ஆஸ்பத்திரியில் காய்ச்சலே இல்லை என்றார்கள். புதன்கிழமை கஞ்சியும் உள்ளே இறங்கவில்லை. செத்துவிடுவாள் என்று பட்டது.

தனபால் சேலையோடு மலை பஸ் ஏறினான். மத்தியானம். வளைவில் மூடுபனி. பாறைமேல் சேலையை வைத்தான். அதே கல்லை வைத்தான்.

பின்னால் தண்ணீர் சலசலத்தது.

"ஏனுங்க..."

பெண் குரல். குளிரில் நடுங்கியது.

"கொஞ்சம் அந்தாண்ட திரும்பிக்குங்க."

திரும்பினான்.

நீரிலிருந்து யாரோ ஏறினார்கள்.

சொட்... சொட்...

முதுகுக்கு மிக அருகில் சேலையை உதறும் சத்தம்.

பிறகு...

ஒன்றுமில்லை.

இருட்டத் தொடங்கும்வரை அவன் திரும்பவில்லை. திரும்பியபோது கல் மட்டும் இருந்தது.

கோயில் பக்கத்து டீக்கடைப் பாப்பாயி அவனைப் பார்த்ததும் சொன்னாள்:

"அன்னிக்கு நேரத்துலயே போயித் தப்பிச்ச சாமி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வளைவுல ஒரு பொம்பளையத் தூக்குனாங்க. முழுகிச் சாகல. இடுப்பளவுத் தண்ணிதான். கழுத்துமுட்ட உக்காந்தவாக்குலயே வெறச்சுப் போயிருந்தா. ஒடம்புல ஒட்டுத்துணி இல்ல. பகலெல்லாம் கரையில ஆம்பளைங்க கூட்டம். ஒரு சத்தம் போட்டிருந்தா என் சேலையவே அவுத்துக் குடுத்திருப்பனே..."

அவன் நடக்கத் தொடங்கினான்.

"நீ விட்டுட்டுப் போன துணிச் சாக்கப் போட்டுத்தான் மூடுனோம்."

வீட்டுக்கு வந்தான். கோகிலா எழுந்து சோறு தின்றுகொண்டிருந்தாள். சேலை எங்கே என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

அவள் சேலை மாற்றும்போதெல்லாம் தனபால் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். போதும், திரும்புங்கள் என்று அவளும் சொல்வதில்லை.